“பிள்ளைங்கள விட்டுட்டு காட்டுக்கா?” - கொடுங்கையூர் தம்பதியின் 2 நாள் டாப்ஸ்லிப் பயணம்!

“தண்ணி லாரி வந்துடுச்சா?”

“ஃபீஸ் கட்ட நாளைக்குத்தான் கடைசி.”

“வரும்போது மாவு பாக்கெட் ஒண்ணு.”

கொடுங்கையூர் கண்ணதாசன் நகரைச் சேர்ந்த அந்தப் பெண், ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் கணவரோடு பேசிய வாட்ஸ்அப் மெசேஜ்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம்... எல்லாமே இதே ரகம்தான்.

“ஒரே ஆபீஸ்ல வேலை பார்க்குற ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரி இருந்துச்சு. ‘சாப்பிட்டியா’ன்னுகூட ஒரு மெசேஜ் இல்ல. அவர் மேல தப்பு சொல்ல முடியாது. நானும் அனுப்பல. அன்னிக்குத்தான் எனக்கு பயம் வந்துச்சு” என்கிறார்.

அவருக்கு வயது 36. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். கணவருக்கு 40 வயது. துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டு ஒன்றில், உள்ளே வரும் வெளியே போகும் பெட்டிகளுக்குக் கணக்கு எழுதுகிற வேலை. கல்யாணமாகி 11 வருடங்கள். மூன்றாவது படிக்கும் மகள், ஒன்றாவது படிக்கும் மகன், கூடவே மாமியார்.

“எங்க பேரைப் போடாதீங்க. சொந்தக்காரங்க எல்லாரும் உங்க பத்திரிகையைத்தான் படிக்கிறாங்க” என்ற நிபந்தனையோடு, கடந்த டிசம்பரில் பிள்ளைகள் இல்லாமல் இருவரும் போய் வந்த அந்த இரண்டு நாள் பயணத்தைப் பற்றி நம்மிடம் பேசினார்கள்.

‘வேன்ல 14 பேர்!’

“ஹனிமூன்லாம் எங்க குடும்பத்துல கிடையாது. கல்யாணமான புதுசுல திருப்பதி போனோம். வேன்ல 14 பேர். இவர் முன் சீட்டு, நான் கடைசி சீட்டு” என்று சிரிக்கிறார் மனைவி. அதற்குப் பிறகு போனதெல்லாம் மெரினா, மகாபலிபுரம், வண்டலூர். எல்லாமே பிள்ளைகளுக்காகத்தான்.

காட்டுக்குப் போகலாம் என்பது கணவரின் யோசனை. “கோயிலுக்குப் போனா ‘எங்களையும் கூட்டிட்டுப் போ’ம்பாங்க. பீச்சுக்குப் போனா பசங்க விடமாட்டாங்க. மலை ஏறப் போறோம்னா யாரும் கூட வரமாட்டாங்கல்ல?” என்று காரணம் சொல்கிறார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கொடுங்கையூர் என்றதும் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது குப்பைக்கிடங்குதான். வடசென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக வந்து குவிந்த இடம். அங்கே தேங்கிக்கிடக்கும் சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையை பயோமைனிங் முறையில் பிரித்து அகற்றும் வேலையை மாநகராட்சி எடுத்திருக்கிறது. “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துத்தான் எங்க வீட்டு ஜன்னலைத் திறப்போம். ரெண்டு நாளாவது ஜன்னலைத் திறந்து போட்டுட்டுத் தூங்கணும்னு ஆசை” என்கிறார் மனைவி.

மாமியார் சொன்ன ஒரு வார்த்தை

விஷயம் தெரிந்ததும் முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளேயே வந்தது.

“இன்னாத்துக்கு பசங்கள வுட்டுட்டு காட்டுக்குப் போறீங்க? ரெண்டு பேருக்கும் எதுனா சண்டையா?” என்று கேட்டிருக்கிறார் 63 வயது மாமியார். எதிர்வீட்டுப் பெண்ணோ, “புள்ளைங்க ஏங்கிடாதா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். “அந்த ஒரு கேள்வி ரெண்டு வாரம் என்னைத் தூங்க விடல. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடலாம்னுகூட சொல்லிட்டேன்” என்கிறார் மனைவி.

கேன்சல் செய்ய வேண்டாம் என்று சொன்னதும் அதே மாமியார்தான்.

“அன்னிக்கு சாயங்காலம் கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. தலையைத் தூக்காமலே சொன்னாங்க, ‘உங்க மாமா என்கிட்ட மனசு வுட்டுப் பேசுனதே ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்தப்புறம்தான். அதுக்கப்புறம் 20 நாள்தான் இருந்தாரு. நீங்க முன்னாடியே பேசிக்கோங்க. போயிட்டு வாங்க’ன்னு. நான் அழுதுட்டேன்” என்கிறார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென நடந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, எவ்வளவு, எந்த டாக்டர் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார்கள். தண்டையார்பேட்டையில் இருக்கும் தாய்மாமா சனிக்கிழமை வந்து ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. “பசங்ககிட்ட பொய் சொல்லல. ‘அப்பாவும் அம்மாவும் ரெண்டு நாள் நடக்கப் போறோம், திங்கக்கிழமை நீங்க எழுந்திருக்கும்போது வீட்ல இருப்போம்’னு காலண்டர்ல வட்டம் போட்டுக் காட்டினோம். பெரியவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, ‘பாட்டி டிவி பார்க்க விடுவாங்களா?’” என்று சிரிக்கிறார் கணவர்.

மலை ஏறப் பழகுவதற்காக மூன்று வாரம் விடியற்காலையில் நடப்பது என்று முடிவு செய்தார்கள். மனைவி தினமும் கிளம்பினார். கணவர் நான்கு நாள்தான் வந்தார். “நைட் ஷிஃப்ட், அசதியா இருக்குன்னு சொல்வார். நானும் நம்பிட்டேன்” என்கிறார் மனைவி. இதன் அர்த்தம் அவருக்குப் பிறகுதான் புரிந்தது.

தேக்கு சறுக்கிய மலை

வெள்ளிக்கிழமை இரவு சென்ட்ரலில், பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகும் ரயிலில் ஏறினார்கள். சனிக்கிழமை காலை பொள்ளாச்சியில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, சேத்துமடை செக்போஸ்ட் வழியாக டாப்ஸ்லிப். வனத்துறையின் தங்கும் விடுதியில் முன்பே அறை பதிவு செய்திருந்தார்கள்.

டாப்ஸ்லிப், ஆனைமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. இந்தக் காப்பகத்துக்குள் இருக்கும் இந்திரா காந்தி தேசியப் பூங்காவில் கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகிய பகுதிகள் அடங்கும். இவற்றில் கரியன் சோலை டாப்ஸ்லிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் சறுக்கிவிட்டுத்தான் கீழே கொண்டுபோனார்கள். அதனால்தான் ‘டாப் ஸ்லிப்’. பம்பாயில் கப்பல் கட்டுவதற்கும், பிறகு ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கும் ஆனைமலைத் தேக்கு போனது. வெட்டி வெட்டிக் காடு மொட்டையாகிக்கொண்டிருந்த நிலையில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி மறுபடியும் தேக்கை வளர்த்தார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, பாக்கெட்டில் இருக்கும் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933-ல் இறந்த அவருடைய கல்லறை, அவர் விரும்பியபடியே இங்குதான் இருக்கிறது.

“நான் தினமும் கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதுறவன். கப்பல் கட்டுறதுக்கு மரம் போன இடத்துல நிக்கிறோம்னு தெரிஞ்சதும் ஏதோ நம்ம ஊருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரி தோணுச்சு” என்கிறார் கணவர்.

சனிக்கிழமை மதியம், அருகிலுள்ள கோழிகமுத்தி யானைகள் முகாமுக்குப் போனார்கள். ஊருக்குள் வரும் காட்டு யானைகளை விரட்டும் பணிகளில் பல வருடங்கள் முன்னால் நின்று, 2023-ல் ஓய்வு பெற்ற கும்கி யானை கலீமின் முகாம் இதுதான். “யானைக்கே ரிட்டையர்மென்ட் கொடுக்குறாங்க, நமக்கு எப்போன்னு இவர் கேட்டார். ரொம்ப நாள் கழிச்சு அவர் ஜோக் அடிச்சு நான் சிரிச்சேன்” என்கிறார் மனைவி.

ராத்திரி போனில் சிக்னல் சரியாக இல்லை. ஆசைப்பட்டபடி ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. “சின்னவனுக்குக் காய்ச்சல் வந்துட்டா? கீழே விழுந்துட்டா? ரெண்டு மணி வரைக்கும் இதே நினைப்புதான். என்னைப் பார்த்துட்டு அவரும் முழிச்சுக்கிட்டே இருந்தார். ‘வா, வராண்டாவுல உட்காரலாம்’னார். இருட்டுல புல்வெளியில மான் கூட்டம் நின்னுட்டிருந்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. ஆனா சும்மா உட்கார்ந்திருந்ததே நல்லாதான் இருந்துச்சு.”

ஏற்றத்தில் நின்ற நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு நடை தொடங்கியது. டாப்ஸ்லிப்பிலிருந்து பண்டாரவரை வரை போகும் பாதை. தமிழக அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இருக்கும் பாதைகளில் இதுவும் ஒன்று. கூட வந்த வழிகாட்டி அந்தப் பகுதியின் பழங்குடி சமூகத்தைச் சேர்ந்தவர்.

“கிளம்புறதுக்கு முன்னாடியே அவர் சொல்லிட்டார், ‘சத்தமா பேசாதீங்க, என்னைத் தாண்டிப் போகாதீங்க, நான் நின்னா நில்லுங்க.’ அட்டைப்பூச்சி ஏறாம இருக்க முழங்கால் வரைக்கும் துணி சாக்ஸ் போட்டுக்கிட்டோம். அப்படியும் எனக்கு ரெண்டு அட்டை” என்று கால் ஆடுதசையைக் காட்டுகிறார் மனைவி.

போகிற வழியில் மரத்துக்கு மரம் தாவிய மலை அணிலைப் பார்த்தார்கள். உச்சிக் கிளைகளில் கருமந்திகள் இருந்தன. தூரத்தில் ஒரு காட்டுமாடு நின்று இவர்களையே பார்த்துவிட்டு மெதுவாக நடந்துபோனது. தலைக்கு மேல் ஏதோ பெரிய விசிறி வீசுவதுபோல் சத்தம் கேட்டது. இருவாச்சிப் பறவை சிறகடித்துப் போகிற சத்தம் என்றார் வழிகாட்டி.

ஒன்றரை மணி நேரம் போனதும் ஓர் ஏற்றம் வந்தது. பாதி ஏறும்போது மனைவி திரும்பிப் பார்த்தார். கணவர் ஒரு மரத்தில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். இன்னொரு கையில், பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்த இன்ஹேலர்.

“எனக்கு ஒண்ணுமே புரியல. சின்னவனுக்குக்கூட அது கிடையாது. எங்க வீட்ல யாருமே அதைப் பயன்படுத்துறதில்ல. ‘இது யாரோடது?’ன்னு கேட்டேன்.”

கணவரே சொல்கிறார். “ஆறு மாசமா மூச்சு இழுக்குது. யார்டுல மாடிப்படி ஏறினா நெஞ்சை அடைக்கும். டாக்டர்கிட்ட போனேன். ஆஸ்துமா மாதிரி இருக்கு, டெஸ்ட் எடுக்கணும்னார். இன்ஹேலரை வாங்கினேன், டெஸ்ட்டுக்குப் போகல. வீட்ல சொல்லல. எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்ததைப் பார்த்தவங்க அவங்க. திரும்பவும் அந்த பயம் வேணாம்னு நினைச்சேன். வீட்ல எந்நேரமும் யாராவது இருப்பாங்க. பசங்க, அம்மா, பிளவுஸ் வாங்க வர்றவங்க... சொல்றதுக்கு நேரமும் கிடைக்கல. அது ஒரு சாக்குன்னும் எனக்குத் தெரியும்.”

வழிகாட்டி இருவரையும் உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, “ஏற வேணாம், இங்கிருந்தே திரும்பிடலாம்” என்று சொல்லிவிட்டார். 20 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

“முதல்ல கோபம் வந்துச்சு. ‘ஆறு மாசமா என்னை முட்டாளாக்கிட்டீங்க’ன்னு கத்தணும்போல இருந்துச்சு. ஆனா அங்க கத்தக் கூடாதே! அதனால மெதுவாத்தான் கேட்டேன். மெதுவா கேட்டதாலயோ என்னவோ, அவரும் எல்லாத்தையும் சொன்னார். யார்டுல ஆள் குறைக்கப்போறாங்கன்னு ஒரு பேச்சு, அந்த பயம், கடன்... எல்லாம். 11 வருஷத்துல அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்ல.”

பண்டாரவரை வரை அவர்கள் போகவில்லை. மதியத்துக்கு முன்பே திரும்பி, பொள்ளாச்சியில் சாப்பிட்டுவிட்டு மாலை ரயில் ஏறினார்கள். சிக்னல் கிடைத்ததும் முதல் போன் வீட்டுக்கு. “பசங்க பிரியாணி துன்னுட்டு தூங்குதுங்க. உங்கள ஒண்ணும் தேடல” என்றாராம் மாமியார். “சந்தோஷமாவும் இருந்துச்சு, கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு” என்கிறார் மனைவி.

திங்கட்கிழமைக்குப் பிறகு

அந்த வாரமே இருவரும் சேர்ந்து அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனைப் பார்க்கும் பரிசோதனை எடுத்து, ஆஸ்துமா என்று உறுதி செய்தார்கள். எதனால் என்று டாக்டர் ஒரே ஒரு காரணத்தைச் சொல்லவில்லை. யார்டு தூசி, லாரிப் புகை, வீட்டுப் பக்கத்துக் காற்று, 20 வயதில் பிடித்த சிகரெட் என எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். இப்போது மூச்சு இழுக்கும்போது மட்டுமல்லாமல், தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலரையும் முறையாக எடுக்கிறார். யார்டில் மாஸ்க் போடுகிறார். இன்ஹேலரின் இடமும் மாறிவிட்டது. இப்போது அது பாக்கெட்டில் இல்லை, டிவிக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது.

“யார்டு பிரச்னை அப்படியேதான் இருக்கு. கடனும் அப்படியேதான் இருக்கு. ஆனா இப்போ அது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்” என்கிறார் மனைவி.

ரயில், அறை, கார், ட்ரெக்கிங் கட்டணம், சாப்பாடு என்று இருவருக்கும் சேர்த்து 14,000 ரூபாய்க்குள் முடிந்ததாம். சீட்டு எடுத்த பணம். “ஒரு மோதிரம் வாங்கியிருக்கலாம்னு எங்கம்மா சொன்னாங்க. வாங்கியிருக்கலாம்தான். ஆனா இவர் பாக்கெட்ல என்ன இருக்குன்னு மோதிரம் சொல்லியிருக்காதே!” என்கிறார்.

நீங்களும் கிளம்பப்போகிறீர்களா?

* 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு ட்ரெக்கிங் விதிகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பது குற்றம். ஆபத்தும்கூட.

* தமிழ்நாடு வன அனுபவக் கழகம் நடத்தும் ‘ட்ரெக் தமிழ்நாடு’ 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு ஆரம்பித்த திட்டம் இது. எளிது, மிதமானது, கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். அதன் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார்.

* காட்டுத்தீ அபாயம் அதிகமுள்ள கோடையில், பிப்ரவரி மத்தியிலிருந்து ஏப்ரல் மத்தி வரை பாதைகளை மூடிவிடுவது வழக்கம். தேதியைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள்.

* சிறு பிள்ளைகளை எளிய பாதைகளில், பெற்றோர் கூட வந்தால் மட்டுமே அனுமதிக்கிறார்கள். கடினமான பாதை என்றால் பிள்ளைகளை வீட்டில் நம்பிக்கையானவர்களிடம் விட்டுவிட்டுப் போவதுதான் சரி.

* ஆஸ்துமா, இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குளிர்காற்றும் ஏற்றமும் மூச்சிரைப்பைத் தூண்டலாம். இன்ஹேலரைப் பைக்குள் புதைக்காமல், கை எட்டும் இடத்தில் வையுங்கள். முக்கியமாக, வழிகாட்டியிடமும் கூட வருபவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

* பளிச்சென்ற நிற உடை, சென்ட், ஸ்பீக்கர், பிளாஸ்டிக் வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை இருக்கும். அதைப் பிடித்து இழுக்காமல் உப்பு போட்டால் தானே விழுந்துவிடும்.

* இரண்டு நாள் ஒதுக்க முடியாத வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் பூண்டியை அடுத்த குடியம் குகைப் பாதை. ஆதிமனிதர்களின் கற்கருவிகள் கிடைத்த பகுதி இது. காலையில் கிளம்பி சாயங்காலம் வீடு திரும்பலாம்.

* சென்னைக்குள்ளேயே ஒரு தேசியப் பூங்கா உண்டு. 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி. ஆனால், அங்கே பொதுமக்களுக்குத் திறந்திருப்பது சிறுவர் இயற்கைப் பூங்காதான். அதனால் அதைப் பிள்ளைகளோடு போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்!

பேசி முடித்துக் கிளம்பும்போது, “இப்போ வாட்ஸ்அப்ல என்ன மெசேஜ் வருது?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டோம். வெட்கப்பட்டுக்கொண்டே போனைக் காட்டினார். மாவு பாக்கெட்டும் இருந்தது, கேஸ் புக்கிங்கும் இருந்தது. அதற்கு நடுவே முந்தின நாள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தவர், கீழேயிருந்து அனுப்பிய ஒரு மெசேஜ்.

“பசங்க தூங்கிட்டாங்களா? மாடிக்கு வா. இன்னிக்கு காத்து நல்லா இருக்கு.”